மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே

எனக்குப் பகல் கனவு காணும் வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. எண்பதுகளின் கடைசியில், அரசாங்கமே அந்த வியாதிக்கு ஒரு நாற்காலியும் மாதச் சம்பளமும் கொடுத்தது. விருத்தாசலத்தில் அரசுக் கட்டடங்களைக் கட்டும் ஓர் அலுவலகத்தில் ட்ரேசராகச் சேர்ந்தேன். என்ஜினியர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து, கறுப்பு மையால் அப்படியே படி எடுக்க வேண்டும். கோடு தப்பினால் பாதி பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடியும் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் மேஜை மாடியில் கடைசி அறையில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பீங்கான் எஸ்டேட்டின் புகைபோக்கிகள் தெரியும். மத்தியானத்தில் காற்று செத்துவிடும். புகை கொஞ்ச தூரம் எழும்பி, மேற்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நிற்கும். நானும் அதைப் பார்த்தபடி, நூறில் ஒரு பங்காகச் சுருங்கி, அரை அங்குல உயரத்தில் என் வரைபடத்துக்குள் இறங்கிவிடுவேன். தாலுகா ஆபீசின் வராந்தாவில் நடப்பேன். ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பேன். சுவர்களுக்கு உயரம் இருக்காது, மேலே கூரை இருக்காது. எல்லா அறையிலும் ஒரே வெளிச்சமாக இருக்கும். யாராவது "ஏம்மா, டீ ஆறிப் போவுது பாரு" என்று சொன்னால்தான் மேலே ஏறி வருவேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் மியூசியம் வந்து சேர்ந்தது. சிறிய ஊர்களிலும் மியூசியம் கட்ட அரசாங்கம் பணம் தருகிறது, இடத்தை மட்டும் ஊர் கொடுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்திருந்தது. சேத்தியாத்தோப்பு போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு புறம்போக்கு மேட்டை ஒதுக்கினார்கள். கட்டடத்துக்குப் பணம் உண்டு. உள்ளே வைக்கப் போகும் பொருளுக்குப் பணம் கிடையாது, அதை வேறு இலாகா பார்த்துக்கொள்ளும். இது யாருக்குமே வேடிக்கையாகத் தெரியவில்லை. முதலில் பானையைச் செய்வோம், சோறு அப்புறம் வரட்டும் என்ற மாதிரி எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

மெட்ராஸிலிருந்து வந்த மாதிரி வரைபடம் சதுரமாக இருந்தது. எங்கள் மேடோ நீளம். எப்படிப் போட்டாலும் ஒரு மூலை ரோட்டில் வந்து நின்றது. என்ஜினியர் சலித்துப்போய், "நீயே ஒண்ணு போட்டுக் குடும்மா, சும்மாதான ஜன்னலப் பாத்துக்கிட்டு இருக்க" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளை விரித்துவிட்டேன். அதுவரை மற்றவர்களின் கோட்டின் மேல்தான் என் கோடு ஓடியிருந்தது. ஒரு மாதம் போட்டேன். நீளமாக ஒரே ஹால், மேற்குச் சுவரில் ஐந்து ஜன்னல்கள். மூன்றாவது ஜன்னலை மட்டும் தாழ்த்தி, அதை ஒட்டி உட்கார ஒரு கடப்பைக் கல் போட்டேன். பார்க்க வந்தவர்கள் கால் வலித்தால் உட்காரட்டும் என்று காரணம் எழுதினேன். உண்மையில் அது எனக்காகப் போட்டுக்கொண்ட இடம். ஃபைல் நாலு வருஷம் மேலேயும் கீழேயும் அலைந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றை வெட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது ஜன்னல் மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பித்தது. அந்த நாலு வருஷமும் தினம் மத்தியானம் நான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.

பணம் ஒருவழியாக வந்தபோது தை மாதம் பாதி போய்விட்டது. மார்ச் கடைசிக்குள் அஸ்திவாரம் எழும்பினால்தான் பணம் நிற்கும், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றார்கள். உடனே ஆள் விட்டுத் தோண்ட ஆரம்பித்தார்கள். சுண்ணாம்புக் கோடு சரியாக இருக்கிறதா என்று வரைந்தவளே வந்து பார்க்கட்டும் என்று ஓவர்சியர் சொல்லியனுப்பியதால், ஒரு காலை வேளையில் நானும் அந்த மேட்டில் போய் நின்றேன்.

மேற்குச் சுவருக்கான பள்ளத்தில், மூன்றாவது ஜன்னல் வர வேண்டிய இடத்தில், ஓர் அக்கா தனியாக மண் வெட்டிக்கொண்டிருந்தார். பீங்கான் எஸ்டேட்டில் ஃப்யூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் வேலை செய்பவர். சூளை ரிப்பேர் என்று பத்து நாள் வேலை இல்லாததால் மண் வேலைக்கு வந்திருந்தார். அவர் மண்வெட்டி எதிலோ பட்டது. சட்டென்று நிறுத்தி, குனிந்து, கையால் மண்ணை விலக்கினார். பள்ளத்தின் உள்பக்கச் சுவரில், ஹாலுக்குள் வரும் பக்கம், பெரிய பானை ஒன்றின் வயிறு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விலக்கினார். வாய் மேல் ஒரு கிண்ணம் கவிழ்த்து மூடியிருந்தது.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவர் விரல் முட்டியால் அந்தக் கிண்ணத்தின் விளிம்பைத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். கம்பெனியில் சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டையையும் அப்படித்தான் தட்டிக் கேட்பார்களாம். கணீரென்றால் நல்ல சரக்கு, சொத்தென்றால் கழிவு.

"கீறல் இல்லீங்க. நல்லா வெந்திருக்குது" என்றார் என்னிடம்.

ஓவர்சியர் இறங்கி வந்து பார்த்தார். அதிகம் பேசாத, நல்ல மனிதர். கொஞ்ச நேரம் குந்தியே இருந்தார். "இது தாழிம்மா. அந்தக் காலத்துல செத்தவங்கள உள்ள வச்சுப் பொதைப்பாங்கல்ல, அது" என்றார். மியூசியத்தில் எதை வைக்க வேண்டுமோ அதுவே மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது என்று எனக்கு ஒரு கணம் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"இத எழுதிப் போட்டா வேல நின்னுடும். மெட்ராஸ்லேர்ந்து ஆளு வந்து தோண்டிப் பாத்துட்டுப் போவ ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆவும். அதுக்குள்ள மார்ச்சு போயிடும், பணமும் பூடும். அப்புறம் வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க."

"செவுத்தக் கொஞ்சம் தள்ளிக்க முடியாதா சார்?"

"தள்ளுனா என்னாத்துக்குத் தள்ளுனன்னு எழுதணுமே." அவர் என்னைப் பார்த்தார். "நீ வரஞ்ச கட்டடம். நீ சொல்லும்மா. எழுதச் சொன்னா எழுதிடறேன்."

இந்த வார்த்தையை என் தலையில் ஏன் போட்டார் என்று அவர் மேல் வெகுநாள் கோபம் இருந்தது. ஆனால் எழுதச் சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அங்கே நின்றபடி நான் ஹாலைப் பார்த்தேன். வெறும் மேடும் கருவேலமும்தான் இருந்தன. எனக்கோ ஐந்து ஜன்னலிலிருந்தும் வெயில் தரையில் விழுவது தெரிந்தது. நாலு வருஷமாக நான் தினம் போய் வந்த வீடு அது. அதை இடிக்கச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

"மூடிடலாம் சார்" என்றேன்.

ஓவர்சியர் தலையை ஆட்டினார். யாரோ மண்வெட்டியை நீட்டினார்கள். பள்ளத்தில் நின்ற அக்கா, "மம்முட்டி வேணாங்க, கையாலயே தள்ளிடுறேன்" என்று சொல்லி, விலக்கிய மண்ணையே அள்ளி அள்ளித் தாழியின் மேல் சேர்த்து அணைத்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, முடித்ததும் நிமிர்ந்து, "யாரா இருந்தா என்னாங்க, இவ்ளோ நாளு பத்திரமாதான இருந்தாங்க" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். மறுநாள் அந்தப் பள்ளத்தில் கான்கிரீட் போட்டார்கள்.

கட்டடம் எழ இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் என் கனவில் ஹாலுக்கு ஓர் ஆள் கூடிவிட்டார். மேஜையில் கன்னத்தை வைத்தபடி நான் வரைபடத்துக்குள் இறங்கி, மூன்றாவது ஜன்னலுக்குப் போய்க் கல்லில் உட்காருவேன். என் காலுக்குக் கீழே, ஒரு ஆள் உயர மண்ணுக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஆணா பெண்ணா என்று தெரியாது. முகமும் தெரியாது. மூடி வைத்த பானைக்குள் இருட்டு எப்படி இருக்கும் என்று நான் யோசிப்பேன், அவர் மேலே இருக்கிற வெளிச்சத்தை யோசிப்பார். இப்படியே எங்கள் மத்தியானங்கள் போயின. ஒரு நாளாவது அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை.

திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு மியூசியம் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வயதானவர், கையில் ஒரு ரெக்ஸின் பை. பொருள்கள் லாரியில் வந்து இறங்கின. சிலைகளின் சுண்ணாம்பு நகல்கள், காசுகளின் போட்டோக்கள், கண்ணாடிப் பெட்டிகள். வைக்கோல் சுற்றி ஒரு தாழியும் வந்தது. தெற்கே வேறொரு மாவட்டத்தில் கிடைத்ததாம். விளக்க அட்டைகளை எழுத நல்ல கையெழுத்துக்காரர் வேண்டும் என்று அவர் கேட்க, ஆபீசில் என்னை அனுப்பினார்கள்.

தாழியின் அட்டைக்கான வாசகத்தை அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். கடைசி வரி: "விருத்தாசலம் வட்டாரத்தில் இவ்வகைத் தாழிகள் இதுவரை கிடைக்கவில்லை." நான் அதைப் படித்துக்கொண்டே நின்றேன். எனக்கு எழுத்து புரியவில்லை என்று அவர் நினைத்துவிட்டார்.

"அந்த வரிய எழுத எனக்கே மனசு வரலம்மா" என்றார். "வேப்பூரு, பெண்ணாடம், சேத்தியாத்தோப்புன்னு எங்க கெணறு வெட்டுனாலும் பஸ்ஸப் புடிச்சு ஓடுவேன். இங்க இல்லாம இருக்காது. ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், நிம்மதியா ரிட்டையர் ஆயிடுவேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடுவது எனக்குப் பழகிய வேலைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"சார், இங்க இருக்குதுங்க" என்றேன்.

"எங்கம்மா?"

"நீங்க நிக்கிற எடத்துலதான். மூணாவது ஜன்னலுக்குக் கீழ. அஸ்திவாரத்துல பாத்தோம். நான்தான் மூடச் சொன்னேன்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளி வைத்தார். புது சிமெண்ட் தரையில் வெறும் காலோடு, ஏதோ காலுக்கடியில் கேட்கும் என்பது போல, அசையாமல் நின்றார்.

"வாய் மூடியிருந்துதா?"

"இருந்துச்சு சார். கிண்ணத்தக் கவுத்து மூடியிருந்துச்சு."

"ஒடையலையே?"

"இல்ல சார். கீறல்கூட இல்ல."

அவர் கடப்பைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திட்டப் போகிறார், உடனே எழுதிப் போடப் போகிறார், என் வேலை போகப் போகிறது என்று காத்திருந்தேன். போனால் போகட்டும் என்றுகூட இருந்தது.

"இப்ப எழுதுனா இந்த ஹாலப் பூட்டிடுவாங்க" என்றார் கடைசியில். "தரைய ஒடைக்கத் தனி எஸ்டிமேட்டு, அதுக்கு ஒரு சாங்ஷன், அதுக்கு மேல ஒரு விசாரணை. எனக்கு ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்குது. பூட்டுன மியூசியத்த விட்டுட்டு நான் எப்பிடிம்மா போவறது?" என்னைப் பார்க்காமல், "அந்த வரிய அப்பிடியே எழுதிடுங்க" என்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அதன் பிறகுதான் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். மை கொஞ்சமும் பிசிறாமல், ஒரே சீராக, என் கையெழுத்திலேயே அழகான கையெழுத்து அந்த அட்டையில்தான் அமைந்தது. அதன் பிறகு அவர் மாதாமாதம் வந்தார். மூன்றாவது ஜன்னல் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். வாட்ச்மேன் அவரைப் பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் ரிட்டையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார்.

தொண்ணூறுகள் முடியும் சமயம் என் மகள் நாலாம் வகுப்பு படித்தாள். ஸ்கூலில் எல்லாரையும் வரிசையாக மியூசியத்துக்குக் கூட்டிப்போய், அட்டைகளைப் பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த வரியையும் ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் டீச்சர் ரைட் போட்டிருந்தார்.

"நம்ம ஊர்ல மட்டும் ஏம்மா கெடைக்கல?" என்று கேட்டாள்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் சரியாத் தேடியிருக்க மாட்டாங்க" என்றேன்.

கிணறு வெட்டுகிற இடத்துக்கெல்லாம் பஸ் பிடித்து ஓடிய மனிதரின் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். மகள் அதை நம்பி, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.