இருமாமல் உட்கார்ந்த படம்

வீடு மாறும்போதுதான் ஒரு மனுஷன் எத்தனை குப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறான் என்பது தெரியும். மகளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இந்த டிராஃபிக்கில் தினமும் போய் வர முடியாதென்று நாங்களும் அந்தப் பக்கமே குடிபோகிறோம். "பரண்ல இருக்கிறது ஒண்ணுகூட அங்க வரக்கூடாது" என்று மனைவியின் உத்தரவு. ஏணி போட்டு ஏறி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். புளித்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. பேட்டரி கசிந்து, பச்சை பூத்துப்போய், உள்ளே என் பழைய ஃப்ளாஷ். கேமராவின் தலையில் மாட்டுவோமே, அந்தச் சின்னப் பெட்டி.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதி நிஜம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு மோட்டார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். பக்கத்து மேஜை அருள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரவல் கேமராவில் நான்தான் படம் எடுத்தேன். ஒருவர் தலையும் வெட்டுப்படவில்லை. அவ்வளவுதான் என் தகுதி. அதை நம்பி அருள் கேட்டான்: "மச்சி, தங்கச்சி கல்யாணத்துக்கு நீயே எடுத்துடேன்." தெரியாது என்று சொல்ல அந்த வயதில் நாக்கு வளையாது. "அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்" என்றேன்.

ஜமாய்ப்பதற்கான ஏற்பாடுகளைக் கேளுங்கள். மல்லேஸ்வரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த கன்னடக்காரர் ஒருவரிடம் கேமராவை வாங்கிக்கொண்டேன். ஃப்ளாஷ் மட்டும் சொந்தம். மூன்று ரோல், ஒன்றுக்கு முப்பத்தாறு, ஆக நூற்றெட்டுப் படம். அர்ச்சனைக்குத் தோதான எண் என்று ஒரு சந்தோஷம் வேறு. ஒரு ஃபுல்ஸ்கேப் தாளில் ஒன்றிலிருந்து நூற்றெட்டு வரை பட்டியல் போட்டேன். மோதிரம் மாற்றுவது நாற்பத்தொன்று, கேக் வெட்டுவது எழுபது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஸ்டுடியோக்காரர் ஒரு சூட்சுமமும் சொன்னார். "கல்யாண வீட்ல பாக்கிறவங்க எல்லாம் 'என்ன எடு, என்ன எடு'ம்பாங்க. அவங்களுக்கெல்லாம் ரோல் செலவு மாடபேடா. பரி ஃப்ளாஷ் ஹாகு." ரோலை வீணாக்காதே, வெறும் ஃப்ளாஷை அடி என்கிறார். ஃப்ளாஷின் முதுகில் ஒரு பட்டன் இருக்கும். கட்டை விரலால் அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், கேமராவுக்குள் ஒன்றும் விழாது. படம் எடுத்த திருப்தியில் ஆசாமி போய்விடுவார். சத்தம் வேண்டுமே என்று நான் நாக்கால் 'டக்' என்று ஒரு சொடுக்குப் போடப் பழகினேன். ரூம் கண்ணாடி முன் நின்று, வெளிச்சமும் டக்கும் ஒன்றாக வரும்வரை பயிற்சி. எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் படித்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், இடத்தைப் பார்த்துவைக்கலாம் என்று லிங்கராஜபுரத்தில் அருள் வீட்டுக்குப் போனேன். அருளின் அப்பா கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். ரிட்டயராகி பெங்களூருக்கு வந்தபோது அந்தத் தூசியும் நெஞ்சோடு வந்துவிட்டது. ஒரு பேச்சுக்கு இரண்டு இருமல். அன்று மறுநாளுக்குத் தைத்த பழுப்புக் கோட்டை ஒரு நாள் முன்னதாகவே மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்.

"இன்னாப்பா, நாளைக்கி ஜனங்கள பாத்தா இருமல் வந்துடும். என்கிட்ட இருக்கிற படத்துல எல்லாம் வாயில கைக்குட்டைதான். இப்பவே ஒண்ணு எடுத்துடு. நான் மூச்ச புடிச்சிக்கிறேன், நீ டக்குனு எடு."

ரோல் கேமராவுக்குள்தான் இருந்தது. ஆனால் என் மண்டைக்குள் ஓடியது பட்டியல். இவருக்கு ஒன்று கொடுத்தால் நூற்றேழு. நாளைக்கு சர்ச்சில் மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வரப்போகிறாரே, அப்போது எத்தனையோ விழுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்தார். மூச்சை இழுத்து நிறுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது, முகம் மட்டும் ராஜா மாதிரி அசையவில்லை. நான் பட்டனை அமுக்கினேன். நாக்கு 'டக்' என்றது. பயிற்சி வீண்போகவில்லை, பாவி.

ஆச்சா என்று கண்ணாலேயே கேட்டார். "ஆச்சு அங்கிள்." பிறகுதான் மூச்சை விட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார், இருமினார், அப்படி இருமினார். ஆன்ட்டி வெந்நீரோடு ஓடிவந்தார். இருமலுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "பாத்தியா, ஒரு தபாகூட வரல!" என்றார். "சூப்பரா வந்திருக்கு அங்கிள்" என்றேன். இந்த வாய்க்குப் புழுத்துப்போக ஏன் தோன்றவில்லையோ.

மறுநாள் அவர் சொன்னதுதான் நடந்தது. மகளோடு நடந்து வரும்போது, வாசலில், மேடையில், எல்லாவற்றிலும் கைக்குட்டை. எல்லாம் முடிந்து பார்த்தால் மூன்றாவது ரோலில் ஏழு படம் மிச்சம். மிச்சம் வைத்துக் கழுவக் கொடுக்க யாருக்கும் மனசு வராது, எதையாவது எடுத்து ரோலை முடிப்பதுதான் அன்றைய வழக்கம். நான் என் மொபெட்டை ஏழு கோணத்தில் எடுத்தேன். ஏழும் பளிச்சென்று வந்தன.

ஆல்பம் கொடுக்கப் போன அன்று வீடே பாராட்டியது. அவர் மட்டும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசி அட்டை வரை போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "அன்னிக்கி வாசல்ல எடுத்தது?"

"அதுல மட்டும் வெளிச்சம் பூந்துடுச்சு அங்கிள்."

ஆல்பத்தை மூடி வைத்தார். அப்புறம் என் முதுகில் தட்டி, "போனா போவுது, நீ இன்னா பண்ணுவ. இன்னொரு வாட்டி எடுத்துக்கலாம்" என்றார்.

அந்த இன்னொரு வாட்டிக்கு நான் போகவே இல்லை. அருள் கூப்பிட்டபோதெல்லாம் ஒரு சாக்கு. அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க நல்ல படம் ஒன்று கிடைக்கவில்லை. சுரங்கத்துப் பழைய பாஸில் இருந்ததைப் பெரிசாக்கி வைத்திருந்தார்கள். இருபது வயசுப் பையன், தோளில் கம்பெனி முத்திரை. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது யாரென்றே தெரியவில்லை.

இப்போது ரோலும் கிடையாது, முப்பத்தாறு என்ற கணக்கும் கிடையாது. மல்லேஸ்வரத்து ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். என் மகள் ஒரு காபி டம்ளரை இருபது தடவை எடுத்துவிட்டுப் பத்தொன்பதை அழிக்கிறாள். ஒன்றே ஒன்று கேட்டார் அந்த மனுஷன்.

பரணிலிருந்து இறங்கியதும் ஃப்ளாஷைப் படமெடுத்து அருளுக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். உடனே கூப்பிட்டான். "டேய், டாடிய எடுத்தியே, அந்த ஃப்ளாஷா? தூக்கிப் போட்டுடாத மச்சி, எனக்குக் குடு. கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருடா, 'ஒரு படத்துல நான் இருமவே இல்ல, அந்தப் பையனக் கேளு'ன்னு."

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். பச்சையைச் சுரண்டித் துடைத்து வைத்திருக்கிறேன். காலையில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன்: "அருள், வெளிச்சமெல்லாம் பூரலடா. அன்னிக்கி நான் எடுக்கவே இல்ல." அன்று அத்தனை சுலபமாக டக் போட்ட நாக்கு, பாதியிலேயே நின்றுவிடுகிறது.