கல்லில் வாய், தோலில் முதுகு

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், கத்தி ஷேவ் எங்கே நன்றாகச் செய்வார்கள் என்று கேட்டால் செல்லமுத்துவின் சலூனைத்தான் கை காட்டுவார்கள். மற்ற கடைகள் எல்லாம் பிளேடு மாற்றும் கத்திக்குப் போய்விட்டன. அங்கே மட்டும் பழைய மடக்குக் கத்தி இன்னும் புழங்குகிறது. கன்னத்தில் கத்தி போவதே தெரியவில்லை என்று வருகிறவர்கள் சொல்லும்போது செல்லமுத்துவுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். அந்தக் கத்திகளைப் பத்தொன்பது வருஷமாக வீட்டில் உட்கார்ந்து தீட்டிக் கொடுப்பவள் அவன் பெண்டாட்டி லீலாவதி. அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

லீலாவதி அரும்பாவூர்க்காரி. பிறந்த வீட்டில் அறுப்புக்கு முன்னால் அரிவாள் தீட்டுவது அவள் வேலை. செல்லமுத்துவோ திருப்பூரில் பிளேடு வைத்துத் தொழில் பழகியவன். கடைக்கு ஒரு பெயர் வேண்டுமென்று கல்யாணமான புதிதில் ஐந்து மடக்குக் கத்திகளை வாங்கி வந்தான். கல்லோடு மல்லுக்கட்ட அவனுக்குப் பொறுமை இல்லை. "நீதான் அருவா தீட்டுவியே, இதையும் தீட்டு" என்று அவள் மடியில் போட்டான். அரிவாளைப் போலவே சாய்த்துப் பிடித்து அழுத்தித் தேய்த்தாள். கத்தியின் வாய், அதாவது கூர்ப்பக்கம், பல் பல்லாக உடைந்தது. அதற்கு ஓர் அறையும் வாங்கினாள்.

பிறகு தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியைப் படுக்க வைக்க வேண்டும். முதுகும் வாயும் இரண்டுமே கல்லைத் தொட வேண்டும். கத்தியின் எடை போதும், கையின் எடை வேண்டாம். கல்லில் வாய் முன்னால் போகும். அதன் பிறகு, பெல்ட் மாதிரி நீளமான தோல்வாரில் இழுக்கும்போது எல்லாம் தலைகீழ். அங்கே முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். திருப்புவதும் முதுகின் மேல்தான். இது பிடிபடுவதற்குள் மூன்று தோல்வார்களும் கட்டைவிரல் நகத்தில் ஓர் ஓரமும் போயிருந்தன. காலையில் ஐந்து கத்திகளையும் துணியில் சுற்றிக் கொடுத்துவிடுவாள். கடையில் ஒரு தோல்வார் தொங்குகிறது, அது வெறும் அலங்காரத்துக்கு.

போன ஆடியில் யாரோ கடையை வீடியோ எடுத்துப் போட்டார்கள். கத்திக்கு எப்படி இந்தக் கூர் வருகிறது என்று கேட்டதற்கு செல்லமுத்து மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் இந்தக் கைதாங்க. பொம்பள கை பட்டா கத்தி மழுங்கிடும். வூட்ல தொடவே வுடமாட்டேன்" என்றான். மகள் கீதாஞ்சலி அதைப் போனில் காட்டியபோது லீலாவதி கல்லின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். அன்றே சண்டை போட்டுக் கத்தியிருந்தால் ஆறிப்போயிருக்கும். அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் பார்க்க, அதுவும் தொழில்காரர்கள் பார்க்க, இந்த மனுஷன் குட்டு வெளிப்பட வேண்டும். அது நடந்தால்தான் தொண்டையில் சோறு இறங்கும் போலிருந்தது.

நேரம் தானாக வந்தது. அரியலூரில் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி. கத்தி தீட்டச் சொல்லிக்கொடுக்க செல்லமுத்துவைக் கூப்பிட்டார்கள். சலூன்களுக்கு லீவு என்பதால் செவ்வாய்க்கிழமை வைத்திருந்தார்கள். தலைகால் புரியாமல் ஒப்புக்கொண்டுவிட்டான். திங்கட்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே மெல்ல ஆரம்பித்தான்.

"ஏ லீலா, அந்தக் கத்திய எப்படித் தீட்டுற? ஒருக்கா சொல்லு."

"ஏங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்டி. நீ சரியாப் பண்றியான்னு பாக்கணும்ல."

என்ன கொழுப்பு பாருங்கள்! அவள் சிரித்துக்கொண்டே கல்லை எடுத்து வந்தாள். தண்ணீர் முதல் கை எடை வரை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் கல் வேலை அவனுக்குச் சுமாராகக் கைவந்துவிட்டது.

"தோல்ல?" என்றான்.

"கல்லுல மாதிரியேதாங்க. வாய் முன்னால போகணும். புடிச்ச கைக்கு எதிர்ப்பக்கமா, நல்லா அழுத்தித் தள்ளுங்க."

"இழுத்துப் பாக்கட்டுமா?"

"கொண்டுபோறது புதுத் தோலுங்க. நாளைக்கு அங்கயே எடுங்க, பளபளன்னு இருக்கும்."

சொன்னது அத்தனையும் உண்மை, தோலில் வாய் முன்னால் போகும் என்ற அந்த ஒன்றைத் தவிர. எதிர்ப்பக்கம் தள்ளச் சொன்னது அவன் விரலுக்காக. விரல் போனால் ஊட்டிவிடப் போவதும் அவள்தானே.

மறுநாள் அரியலூர் பஸ்ஸில், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "அங்க வந்து வாயத் தொறக்காத" என்று மிரட்டினான். கல்லும் கத்தியும் இருந்த பையைத் தூக்கத்தான் அவளைக் கூட்டி வந்திருந்தான்; அது அவள் மடியில் இருந்தது. கொஞ்சம் மனசு கேட்கவில்லை. அங்கே அவன் ஒரே ஒரு வார்த்தை, வீட்டில் அவளும் தீட்டுவாள் என்று சொன்னால்கூடப் போதும், எழுந்து ஓடித் தடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். லீலாவதி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கல்லில் செல்லமுத்து தீட்டிக் காட்டியதற்குக் கைதட்டல் கிடைத்தது. முன்வரிசையில் இருந்த ஜெயசுதா என்ற பார்லர்காரப் பெண் எழுந்து, "சார், இத யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

லீலாவதி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"யாருகிட்டயும் இல்லம்மா. அது இந்தக் கையிலயே ஊறுனது" என்றான் செல்லமுத்து.

அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

தோல்வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இடது கையில் இறுக்கிப் பிடித்தான். கத்தியின் வாயை முன்னால் வைத்து, அழுத்தி ஒரு தள்ளு தள்ளினான். சரக்கென்று சத்தம் கேட்டது. பாதித் தோல் கம்பியில் தொங்கியது, பாதி அவன் கையில் இருந்தது.

"அண்ணே, கூரு நல்லாத்தான் இருக்கு!" என்றான் ஒருத்தன். மண்டபமே சிரித்தது. செல்லமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. தோலைப் பார்த்தான், பிறகு கடைசி வரிசையைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கல்யாணத்தன்றுகூட லீலாவதி அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

எழுந்து முன்னால் போனாள். பையிலிருந்து, தான் வீட்டில் தினமும் இழுக்கும் பழைய தோல்வாரை எடுத்து மாட்டினாள். அவன் கையிலிருந்து கத்தியை வாங்கி, முதுகு முன்னால் போக இழுத்து, புரட்டி, திரும்ப இழுத்தாள். பயமே இல்லாத கை. முப்பது தடவை ஆனதும் ஜெயசுதாவைக் கூப்பிட்டு அவள் முன்கையில் கத்தியை லேசாக வைத்தாள். ரோமம் தானாக உதிர்ந்தது.

"மொத பாடம் இவரு காட்டிட்டாருங்க" என்றாள் எல்லோரையும் பார்த்து. "தோல்ல இந்த மாதிரி பண்ணக் கூடாது."

பயிற்சி நடத்திய ரஞ்சித்குமார் அருகில் வந்து, "அம்மா, நீங்க யாருங்க?" என்றார்.

"இவரு கடைக் கத்தியத் தீட்டுறது நாந்தாங்க. பத்தொம்பது வருஷமா."

செல்லமுத்து அவள் காதருகே வந்து, "போதும் லீலா, வூட்டுக்குப் போவோம்" என்று கெஞ்சினான்.

"எங்க போறீங்க?" என்றாள், நாற்பது பேருக்கும் கேட்கும்படி. "புதுசா கத்துக்குறவங்களுக்குத்தான இந்த கிளாஸு? நீங்களும் உக்காருங்க."

ஜெயசுதா நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.