பொன்னுலிங்கத்தின் லைட் சுவிட்ச்

போன வாரம் சம்மந்தித் துவையலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி நின்றுபோனது. சுவிட்ச் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கரியும் வாடை. கணவரைக் கூப்பிட்டேன். அவர் பேப்பரை மடித்துவைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுந்து வருவதற்குள் சுவிட்ச் ஆறிவிட்டது. திருகினார், ஓடியது. “ஓடுதே, இதுக்கு என்ன?” என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மனிதரை இதே மாதிரி பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிஸ்பென்சரி நர்ஸாக இருந்தேன். ஒற்றை அறை, இரண்டு கட்டில், டிங்சர் வாடையும் ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும். தோட்டத்துக்கென்று ஒரு பழைய ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. ரப்பர் ஷீட்டும் அதில்தான் போகும், பிரசவ வலி கண்டவளும் அதில்தான் போவாள். டாஷ்போர்டில் ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. பாதி இழுத்தால் சின்ன விளக்கு, முழுதும் இழுத்தால் ஹெட்லைட். ஐப்பசி மழை பிடித்தால் அந்த மலைப்பாதையில் மத்தியானம் மூன்று மணிக்கே குமிழை இழுத்தாக வேண்டும்.

டிரைவர் பொன்னுலிங்கம். நாற்பது வயதிருக்கும். அய்யாவழிக்காரர், நெற்றியில் நாமம் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். பேச்சு குறைவு. நான் ஜீப்பில் ஜெபப் புஸ்தகத்தை மறந்துவிட்டு வந்தால், அட்டையைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

அப்படி ஒரு மழை மத்தியானத்தில் ஜீப் வளைவில் ஓடைப்பாலத்தின் கலுங்குச் சுவரில் மோதியது. உள்ளே இருந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கை ஒடிந்தது. லைட் தானாக அணைந்தது என்றார் பொன்னுலிங்கம். மேனேஜர் குடையோடு டிஸ்பென்சரி வாசலில் நின்று, ஆள் குடித்திருக்கிறாரா பாருங்கள் என்று என்னிடம் முணுமுணுத்தார். பொன்னுலிங்கத்தின் நெற்றிக் காயத்தைத் துடைக்கிற சாக்கில் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். வெற்றிலை வாடை மட்டும்தான்.

“மணத்துப் பாத்தாச்சுல்லா சிஸ்டர்? இனி எழுதுங்க,” என்றார் அவர்.

குடிக்கவில்லை என்று எழுதினேன். ஆனால் லைட் தானாக அணைந்ததை நானும் நம்பவில்லை. கண் அசந்திருப்பார் என்றே நினைத்தேன்.

ஜீப் மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. குமிழை இழுத்தார்கள், எரிந்தது. லைட்டுக்கு ஒரு குழப்பமும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் அணைந்தது. பல்பை மாற்றினார்கள். அடுத்த தடவை ஃபியூஸ். அதற்கடுத்து, காலால் மிதித்து வெளிச்சத்தைத் தாழ்த்துகிற தரை சுவிட்ச். ஒவ்வொரு தடவையும் பொன்னுலிங்கம் நனைந்துபோய் வந்து சொல்வார். யாராவது வெளியே போய்க் குமிழை இழுப்பார்கள். சனியன் பளிச்சென்று எரியும். கடைசியில் விபத்து ரிஜிஸ்தரில் ‘டிரைவரின் கவனக்குறைவு’ என்று எழுதி, அவரை ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கு அனுப்பினார் மேனேஜர். புது டிரைவர் வந்த நேரம் மாசி வெயில். அவர் குமிழைத் தொடவே இல்லை, விளக்கு அணையவும் இல்லை. அதுவே பொன்னுலிங்கம் பொய்யர் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

பிறகு ஒரு கோடைமழை. நான் முன்சீட்டில் இருந்தேன். என் கண்முன்னால் ஹெட்லைட் அணைந்தது. வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்தோம், தானாக எரிந்தது. எனக்கு ஏற்பட்ட பரபரப்பைச் சொல்ல முடியாது. நேராக ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். புது டிரைவரோ வேலைக்குப் பயந்து, லைட்டைத் தானேதான் அணைத்ததாகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புகைப்புரைக்குப் போனேன். பொன்னுலிங்கம் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “இப்பம் நம்பினியளா?”

சாயங்காலம் மட்டும் காய்ச்சல் வருகிறவர் காலையில் வந்து நின்றால், காய்ச்சலே இல்லை என்று நாங்கள் விரட்டுவதில்லை. கட்டிலில் போட்டு நேரம் பார்த்துக் குறிப்போம். ஜீப்புக்கும் அதைச் செய்தால் என்ன? ஞாயிறு ஆராதனை முடிந்து மத்தியானம் பொன்னுலிங்கத்தை வரச்சொன்னேன். எஞ்சினை ஓடவிட்டுக் குமிழை இழுத்தோம். காய்ச்சல் சார்ட் ஒன்றை எடுத்து நேரம் குறித்தேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒன்றுமில்லை. அவர் போதும் என்று இறங்கப் பார்த்தார். குமிழைத் தொட்டேன், சுட்டது. இருபத்திரண்டாவது நிமிடம் இரண்டு விளக்கும் அணைந்தன.

அவர் சட்டென்று டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்து, சுவிட்ச்சின் பின்பக்கத்தில் கரண்ட் வருகிற முனையையும் விளக்குக்குப் போகிற முனையையும் ஒரு வயர்த்துண்டால் சேர்த்துப் பிடித்தார். விளக்கு எரிந்தது. அப்படியானால் பல்பு, ஃபியூஸ், தரை சுவிட்ச் எதிலும் கோளாறில்லை, குமிழ்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு அதை வெளியே எடுத்தோம். உள்ளே பித்தளைத் தகடு கருகி, விறைப்பு போயிருந்தது. சூடானால் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். தேய்த்துச் சரியாக்கிவிடலாமே என்றேன்.

“வேண்டாம் சிஸ்டர். அவரு பாக்கட்டும்,” என்று அப்படியே திரும்ப மாட்டினார்.

மறுநாள் மேனேஜர் வந்து ஒன்பது நிமிடம் நின்றார். போன் மணி அடித்தது. எரிகிறதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் சுவிட்ச்சைக் கழற்றவைத்து, சார்ட்டோடு அவர் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். அதை நாங்களே தீயில் காட்டிக் கொண்டுவரவில்லை என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆனாலும் புது சுவிட்ச் வாங்கக் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்தரில் இருந்த வரியை மட்டும் மாற்றவில்லை. அது முடிந்த விஷயமாம்.

புது சுவிட்ச்சைப் பொன்னுலிங்கமே மாட்டினார். விளக்கின் முழு கரண்டும் குமிழ் வழியாகப் போகாதபடி ஒரு ரிலேயும் வைத்தார். அதன்பிறகு அந்த விளக்கு அணைந்ததில்லை. திரும்ப வண்டி ஓட்டக் கூப்பிட்டபோது அவர் போகவில்லை.

“லைட்டு செரியாச்சுல்லா. எனக்கு அது போரும்,” என்றார். தோவாளையில் ஒரு பூ வியாபாரியின் வேன் ஓட்டப் போய்விட்டார். அன்று குனிந்து மணத்துப் பார்த்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்கலாம், கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறிவிட்டது. டிஸ்பென்சரி நின்ற இடத்தில் அன்னாசி நட்டிருக்கிறார்கள். ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டதாகக் கேள்வி. தோவாளைச் சந்தையில் இரண்டு தடவை விசாரித்தேன். அந்தப் பெயரில் ஒரு டிரைவர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆபீசை மூடியபோது ரிஜிஸ்தர்களையெல்லாம் புகைப்புரை அடுப்பில் போட்டு எரித்தார்களாம். மேனேஜர் இல்லாத ஒரு மத்தியானம் உள்ளே போய், அந்த ஒற்றை வரியை என் பேனாவால் அடித்துவிட வேண்டும் என்று அங்கிருந்த காலம் முழுக்க நினைத்திருந்தேன். செய்யவில்லை. இப்போது அடிப்பதற்கு அந்த வரியும் இல்லை.