பூசணிக்காய் வெட்டிய நாள்

மும்பை தாராவியில் எந்தக் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் திருநெல்வேலிக்காரர்கள் முதலில் முருகம்மாளிடம்தான் வருவார்கள். தையல் பட்டறையில் சட்டைகளின் பிசிறு நூலை வெட்டிக்கொண்டே, நான்கு தலைமுறைக்கு யாருக்கு யார் என்ன முறை என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவளுக்கு அப்படி ஒரு தலை!

அந்தத் தலைக்கும் எட்டாதது ஒன்று இருந்தது. மகன் தமிழ்செல்வன் உடம்பில் ஏன் ரத்தம் ஊறவில்லை? மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியும் ஏழு வயதில் போய்விட்டான். “கிரகணத்தன்னைக்குப் பூசணிக்கா வெட்டினவதான?” என்றாள் மாமியார். வயிற்றுப் பிள்ளையோடு வெட்டியது உண்மைதான். மாமியார் அப்படிச் சொன்ன நாளிலிருந்து பதினாறு வருடமாக வீட்டில் பூசணி கிடையாது.

சென்ற மாதம் மகள் மாலதியின் கல்லூரியில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனை நடந்தது. அவள் முடிவைப் பார்த்துவிட்டு, பெற்றோரை மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஆலோசகர் ஸ்ரீலேகா, பக்கத்து மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

“நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தமா?”

“சேச்சே, இல்லம்மா. ரத்த சொந்தம்னா சித்தப்பா, பெரியப்பா பிள்ளைக. இவுக என் அத்தை மவன். கட்டிக்கிட வேண்டிய முறை.”

“அத்தையும் உங்க அப்பாவும் கூடப் பிறந்தவாதானே?”

“ஆமா, கூடப்பிறந்தவுகதான்,” என்றாள் முருகம்மாள். ஊருக்கே முறை சொன்னவளுக்கு இது தோன்றவில்லையே!

அவள் சொல்லச் சொல்ல ஸ்ரீலேகா ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் வரைந்தாள். தாள் போதாமல் இன்னொன்றை ஒட்டினாள். பிறகு ஒரு தாத்தாவிலிருந்து இரண்டு கோடு இழுத்தாள். ஒன்று அப்பா வழியாக முருகம்மாளிடம் வந்தது, மற்றது அத்தை வழியாகக் கணவன் கணேசபாண்டியனிடம். பழுதான அந்த மரபணு ஒரு பக்கம் மட்டும் வந்தால் நோயில்லை. தமிழ்செல்வனுக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டது.

“மாலதிக்கு ஒண்ணுதான். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கட்டிக்கப் போற பையனுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணிடுங்கோ, போதும்.”

முருகம்மாள் அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி, எத்தனை பேர் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருந்து, திருநெல்வேலியில் ரயிலேறி, இந்தத் தாராவிச் சந்து வரை வந்திருக்கிறது! எம்மாடி!

“அப்ப, நான் பூசணிக்கா வெட்டினது?”

“வெட்டாம இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்மா.”

முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருடம் அம்மாவை ஒரு வார்த்தை தடுக்காத கணேசபாண்டியன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாதி எங்கிட்ட இருந்துல்லா போயிருக்கு,” என்றான் மெல்ல.

திரும்பும் வழியில் காய்க்கடை முன்னால் அவனாகவே நின்றான். ஒரு பூசணிக்கீற்றை எடுத்து அவள் பையில் வைத்தான்.