முறுக்குத் தட்டும் வெறுந்தட்டும்

பத்து வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. மூன்று வினாடி வேலை. மாமா மடிக்கணினியைத் திறப்பார். திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு படங்கள் இருக்கும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டு மூடிவிடுவார். எந்தப் படம் என் கண்ணில் முதலில் பட்டது என்று நான் சொல்ல வேண்டும். சம்பளம், தடவைக்கு ஒரு பாக்கெட் சோயாப் பால். அவ்வளவு நல்ல முதலாளி எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. பத்து வயது இளையவர். அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டதால் மாமாவை வளர்த்ததே என் அம்மாதான். கல்யாணமாகிச் சிங்கப்பூரின் ஈசூன் பகுதிக்கு வந்தபோது சீர்வரிசையோடு தம்பியையும் கொண்டுவந்துவிட்டாள் என்று அப்பா கேலி செய்வார். ஒரு வங்கியில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்த மாமா, ஒருநாள் அதை விட்டுவிட்டுப் போனில் ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். "வேலைய விட்டுட்டு வெளையாடிட்டு இருக்கான்" என்று அம்மா உறவினர்களிடம் சொல்வாள். அது முழுப் பொய்யும் இல்லை.

மாமாவுக்கு மெல்பர்னில் ஒரு வேலை காத்திருந்தது. அவருடைய பழைய மேலாளர் அங்கே போய் இவரையும் கூப்பிட்டிருந்தார். தீபாவளிவரை மாமா தவணை கேட்டிருந்தார். விளையாட்டு ஓடினால் எங்களோடு இருப்பார், ஓடாவிட்டால் விமானம் ஏறிவிடுவார். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அம்மா மட்டும் சாமி அலமாரிக்கு முன்னால் நின்று பேசுவாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து காலணியைக் கழற்றும்போது அவள் சாமியிடம் பேசியது என் காதில் விழுந்தது. "அவன் இங்கயே இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். எனக்கும் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டு இதுதான். பத்து மாடி அடுக்குமாடிக் கட்டடம். தீபாவளிக்கு முந்தைய வாரம். ஒரு பெண் தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். மறுநாள் தட்டு திரும்பி வரும். எங்கள் பிளாக்கில் யாரும் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய் அம்மா குவே பலகாரம் வைத்துத் தருவார், மூலை வீட்டுச் சீன ஆன்ட்டி ஆரஞ்சு வைப்பார், வீட்டில் எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது தட்டில் இருக்கும். எந்தக் கதவிலிருந்து என்ன வரும் என்பதுதான் மாமாவின் விளையாட்டு. வந்ததை வைத்து அடுத்த மாடிக்குப் போக வேண்டும்.

நாலாம் மாடியில் ஒரு தாத்தா இருந்தார். தனியாள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வெறுந்தட்டை நீட்டுவார். அப்போது ஆடுபவர் தன் வீட்டுச் சீனியைத் தானே தட்டில் போட்டுக்கொண்டு, அவர் தந்ததாகக் கணக்குக் காட்டலாம். மதிப்பெண் கிடைக்கும், ஆனால் அந்தக் கதவு அதற்குப் பிறகு திறக்காது. அப்படிச் செய்யாமல் வெறுந்தட்டையே வாங்கிக்கொண்டால் மதிப்பெண் கிடையாது. ஆனால் மறுநாள் தாத்தா தானாகவே கதவைத் திறப்பார். நமக்குத் தர வேண்டிய பாக்கி அவரிடம் இருக்கிறதே. நான் ஒவ்வொரு முறையும் சீனியைப் போட்டேன். மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் பிள்ளையாக என்னை யாரும் வளர்க்கவில்லை. மாமா பார்த்துவிட்டு, "போச்சு, பெரியவர் கதவச் சாத்திட்டாரு" என்று பெருமூச்சு விடுவார்.

விளையாட்டு முடிந்தது. முகப்புப் படம்தான் பாக்கி. போனில் விளையாட்டுகளை வரிசையாக வைத்திருக்கும் இடத்தில், நகம் அளவுக்கு நிற்கப்போகும் அந்த ஒரே படம். "உள்ள நான் என்ன செஞ்சு வச்சிருந்தாலும், இத அமுக்கினாத்தான் லா உள்ளயே வருவாங்க" என்றார் மாமா. அதற்காகத்தான் என் உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போய், சிராங்கூன் சாலையில் நடந்தபடியே ஒவ்வொரு கடையை நோக்கியும் என் முகத்தைத் திருப்பினார், மூன்று எண்ணினார், மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முப்பது பெண்கள் முப்பது சேலையில் நின்ற பெரிய விளம்பரத்தில் எனக்கு ஒரு முகமும் நினைவில் நிற்கவில்லை. ஒரு சின்னக் கடைக் கண்ணாடிக்குள் ஒற்றைக் குத்துவிளக்கு மட்டும் இருந்தது. அதன் திரிகூட ஞாபகம் இருந்தது. மாமா குறித்துக்கொண்டார். "நீ சொல்றத நான் கேக்கல பாப்பா. ஒன் கண்ணு எங்க போகுதுன்னுதான் பாக்குறேன்" என்றும் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடை வாங்கித் தருவாரா என்பதில் இருந்தேன்.

படம் வரைந்தது மாமாவின் கூட்டாளி. ஆங் மோ கியோவிலிருந்து வரும் ஒல்லியான சீன அங்கிள். அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த, பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டை மாதிரிக்காகக் கடன் வாங்கி, மூன்று மாதமாக மாமா தன் மேசையில் வைத்திருந்தார். அங்கிள் வரைந்த படத்தில் கரும்பச்சைக் கதவு ஒன்று பாதி திறந்திருந்தது. உள்ளிருந்து ஒரு கை நீண்டது. கையில் பளபளவென்று அந்தத் தட்டு. தட்டில் ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்திருந்தது. அம்மா பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"புதுசா ஒரு காரியம் ஆரம்பிக்கிறே. வாசல்லயே வெறுந்தட்டா?"

"அக்கா, தட்டு காலியா இருந்தாத்தான் என்ன வரப்போவுதுன்னு பாக்கத் தோணும்."

"ஒண்ணும் வரப்போறதில்லன்னு தோணும்."

அங்கிள் என்ன விஷயம் என்று கேட்டார். மாமா ஆங்கிலத்தில் விளக்கியதும், மாமா பக்கம் நிற்பார் என்று பார்த்தால், அவர் சட்டென்று முகம் மாறிவிட்டார். அவருடைய அம்மா சீனப் புத்தாண்டுக்கு அரிசிப் பானையை நிரப்பி வைக்காமல் தூங்கமாட்டாராம். "மை மதர் ஆல்சோ சேம் லா" என்றபடி தட்டில் இரண்டு முறுக்கை வரைந்தார். அதோடு நின்றிருக்கலாம். இரட்டைப்படை ஆகாது என்று அம்மா இன்னொன்று கேட்டாள். மங்கலத்துக்கு வாழைப்பழம் வந்தது. தன் அம்மாவுக்காக அங்கிள் ஆரஞ்சு சேர்த்தார். ஏதோ வாங்க வந்த மக்சிக் எட்டிப் பார்த்து, குவே எங்கே என்று கேட்டார். யாரையும் விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து வந்த அப்பா போனைக் கை நீளத்துக்குப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பிரியாணியா?" என்றார்.

மாமா சண்டை போடவில்லை. "ரெண்டையும் வச்சுச் சோதிப்போம். பாப்பா சொல்லட்டும்" என்றார்.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அம்மா சமையலறை வாசலில் துணியால் கையைத் துடைத்தபடி நின்றாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது, துடைப்பதை நிறுத்தவில்லை. மாமா மூடியைத் திறந்தார். பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு நடுவில் பச்சைக் கதவும் வெறுந்தட்டும் என்னைக் கூப்பிட்டுப் பேசியதுபோல் இருந்தன. மற்ற எதையும் நான் பார்க்கவே இல்லை. மூன்று. மூடினார்.

"எது பாப்பா?"

வெறுந்தட்டு மாமாவை விமானம் ஏற்றிவிடும் என்று நான் மனதார நம்பினேன். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "முறுக்குத் தட்டு" என்றேன்.

மாமா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "சரி, அதையே போட்டுருவோம்" என்று சொல்லி எனக்கு இரண்டு பாக்கெட் சோயாப் பால் கொடுத்தார். இரண்டையும் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு விளையாட்டு வெளிவந்தது. முதல் வாரம் வந்த கருத்துகளை மாமா சத்தமாக வாசித்துக் காட்டினார். ஒருவர் ஆர்டர் செய்யும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். ஒருவர் பிடோக்குக்கு டெலிவரி உண்டா என்று கேட்டிருந்தார். பசியோடு திறந்த ஒருவர், முறுக்கைத் தானே தூக்கிக்கொண்டு பத்து மாடி ஏற வேண்டும் என்று தெரிந்ததும் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இரண்டாம் வாரம் அவளே வந்து, "அந்த மொதப் படத்தையே போட்டுர்றா தம்பி" என்றாள். மாமா மாற்றினார். ஆனால் அதற்குள் புதிய விளையாட்டுகளின் வரிசையிலிருந்து எங்களுடையது கீழே இறங்கி, தேடினாலும் கிடைக்காத இடத்துக்குப் போயிருந்தது.

 மாமாவின் அறைக்குப் போய், அழுதுகொண்டே, நான் முதலில் பார்த்தது வெறுந்தட்டைத்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் பாப்பா. ஒன் கண்ணு அத விட்டு நகரவே இல்ல."

"அப்ப ஏன் மாமா அதப் போடல?"

"அக்கா பயந்துட்டாங்க. அவங்க பயந்துகிட்டே இருக்கிறப்ப வெளையாட்டு மட்டும் ஓடி என்ன ஆகப்போவுது?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயிக்கத் தெரிந்துகொண்டே தோற்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. இன்று இதே வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன். விளையாட்டுகளுக்கு முகப்புப் படம் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் யாராவது "இன்னும் ஒண்ணே ஒண்ணு சேப்போமே" என்றால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. ஆனால் மாமாவைப் போல ஓர் அக்காவின் பயத்துக்காக அப்படிச் சேர்ப்பேனா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அன்று மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டு, திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். யார் எங்கிருந்து ஆடுகிறார்கள் என்று புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. புள்ளிகள் அதிகமில்லை. "ஈசூன்ல ஒருத்தர் மட்டும் தெனமும் ஆடுறாரு பாரு" என்று சிரித்தார். அது நான்தான் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாமாவின் கணினியில்தான் நான் ஆடுகிறேன், அதுவும் வாரத்தில் ஒருமுறைதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

தீபாவளி கழிந்த மறுவாரம், ஒரு காலையில் மாமா கிளம்பினார். அப்பா பெட்டிகளை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். மாமா அறைக்குள் திரும்பிப் போய் அம்மாவின் தட்டை எடுத்துவந்தார். கழுவித் துடைத்திருந்தது. இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார்.

தட்டில் ஒன்றுமே இல்லை.

எனக்கு மானம் போய்விட்டது. தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று ஊருக்கே விளையாட்டுச் செய்து காட்டியவர், சொந்த அக்காவிடம் வெறுந்தட்டை நீட்டுகிறார். அவசரத்தில் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சமையலறைக்கு ஓடி, சீனி டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிவந்து தட்டில் கொட்டினேன். "மாமா மறந்துட்டாங்கம்மா" என்றேன்.

அம்மா தட்டோடு சமையலறைக்குப் போனாள். சீனியை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினாள். ஓரத்தில் ஒட்டிய துகள்களையும் விரலால் வழித்துப் போட்டாள். மறுபடி காலியான தட்டைக் கொண்டுவந்து, கூடத்து அலமாரியில், வாசலைப் பார்க்கும்படி நிறுத்திவைத்தாள். பிறகு மாமாவின் தலையில் கைவைத்து, "போய்ட்டு வா" என்றாள். இருவரும் அழுதார்கள். அம்மாவுக்கு மாமாமேல் அவ்வளவு கோபம், அவர் பேரில் ஒரு பிடி சீனிகூட வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன். விமான நிலையம்வரை டாக்சியில் அம்மாவோடு பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்து அம்மாவின் பழைய போன் என் கைக்கு வந்தது. அதில் மாமாவின் விளையாட்டு இருந்தது. திறந்து பார்த்தேன். பத்து மாடியும் ஆடி முடித்திருந்தாள். மதிப்பெண் மிகக் குறைவு, நான் பத்து வயதில் எடுத்ததில் பாதிகூட இல்லை. நாலாம் மாடிக்குப் போனேன். தாத்தாவின் கதவு அகலத் திறந்து கிடந்தது. அம்மா ஒரு தடவைகூட அந்தத் தட்டில் சீனியைப் போட்டிருக்கவில்லை.