மூன்று ரோலரும் ஓர் இஞ்சினும்

கர்த்தருடைய வீட்டாரே, எனக்கு மேடையில் பேச வராது. அழாமல் சொல்லி முடித்தால் அதுவே பெரிய காரியம்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டைக்கு முந்தின வருஷம், பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வறண்ட கச்சான் காற்று அடித்த காலம். அந்தக் காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு வாசனை கூடும். ஓடை வற்றுவதும் அதே காற்றில்தான். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் இலை அரைக்கும் மூன்று ரோலரையும் ஓடைத் தண்ணீரில் சுற்றும் சக்கரம் இழுக்கும். தண்ணீர் குறைந்தால் ஓட்ட ஓர் எண்ணெய் இஞ்சின் உண்டு. அது இரண்டு ரோலருக்கு மேல் தாங்காது. என் வீட்டுக்காரர் சாமுவேல்தான் இஞ்சின்காரர். முதலில் அதை வெறுமனே ஓடவிடுவார். பிறகு ஒவ்வொரு ரோலராக பெல்ட்டை மாட்டுவார். சத்தம் கம்மினால் ஒன்றைக் கழற்றிவிடுவார்.

அன்று மூன்று ரோலரிலும் இலை நிறைந்திருக்கும்போது சக்கரம் நின்றுவிட்டது. அரைபட்ட இலை புளித்துவிடும் என்று எல்லோருக்கும் அவசரம். ஆளுக்கொரு பக்கம் ஓடியதில் மூன்றாவது பெல்ட்டை யாரும் கழற்றவில்லை. இஞ்சினைத் தொடுத்ததும் அது திணறியது. ஓடுகிற பெல்ட்டைக் கட்டையால் தள்ளப் போனார் இவர். பெல்ட் சட்டைக் கையோடு இவரை இழுத்துக்கொண்டது.

நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் பிள்ளை. சேதி கேட்டு ஓடி வந்தவள் சரிவில் விழுந்தேன்.

மாட்டு வண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் ஜெபித்தேன். கை பிழைக்க வேண்டும், பிள்ளை பிழைக்க வேண்டும், குடியிருக்கும் லயத்தை விட்டு எங்களை அனுப்பிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் கேட்டேன். கையை எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே பிள்ளையும் பிறந்தது. பெண் பிள்ளை. அழவே இல்லை.

அவருக்கோ காய்ச்சல் இறங்கவில்லை. இனி நம் கையில் இல்லை என்று டாக்டரையா சொல்லிவிட்டார். எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. அப்போது இவர் பாரத்தைக் குறைத்து இஞ்சின் ஓட்டும் விதம் நினைவுக்கு வந்தது.

"ஆண்டவரே, மத்ததெல்லாம் இப்ப வேணாம். இவரு உசுர மட்டும் குடுங்க" என்றேன்.

அன்று சாயந்திரமே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு குளிர்ந்தது. கண் திறந்து என் வயிற்றைப் பார்த்தார்.

"புள்ள எங்க?" என்றார்.

நான் கேட்ட உயிர் திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

தோட்டத்துத் துரை எங்களை அனுப்பிவிடவில்லை. இப்போதும் இவர் ஒற்றைக் கையோடு இஞ்சின் பக்கத்தில் நிற்கிறார். கச்சான் தொடங்கியதும் மூன்றாவது பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடச் சொல்வார். சத்தம் கம்மினால் "ஒன்னக் கழட்டு" என்பார்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, எல்லாவற்றையும் கேட்க உங்களுக்குத் தெம்பில்லை என்றால் ஒன்றை மட்டும் கேளுங்கள். ஆண்டவர் செவிகொடுப்பார். எனக்குச் செவிகொடுத்தார்.

மகளைப் பற்றி மட்டும் நான் இன்னும் ஆண்டவரிடம் பேசவில்லை. அதற்குத் தெம்பு வரவில்லை. வரும்போது பேசுவேன். அதுவரை அவர் காத்திருப்பார்.