மூன்றாவது கூப்பாடு

போன வருடம் காத்மாண்டுவில் இந்திர ஜாத்திரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, முதுகில் பையோடு நான் அந்தக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டேன். பழைய அரண்மனை வாசலில் தேர் வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் படிகள் முழுக்கத் தலைகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும் நான்தான். அந்தக் கர்வத்தோடு, ஃபோனில் வரைபடத்தைப் பார்த்தபடி, யாரிடமும் வழி கேட்காமல் நடந்துகொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

என் பெயர் நேபாளத்திலும் வைக்கிற பெயர்தான். அவள் கூப்பிட்டது என்னை அல்ல என்று மூளைக்குத் தெரியும். ஆனாலும் கால் நின்றுவிட்டது. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இடித்துக்கொண்டு போனவர்கள் நான் ஏதோ வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அப்படி நிற்கிற இன்னொருத்தியை, எங்கள் மலைக்கு வெளியே, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் பள்ளிவாசல் என்கிற தேயிலை எஸ்டேட்டுக்காரர்கள். அங்கே மூடுபனி இறங்கினால் முன்னால் நிற்கிற தேயிலைச் செடியே தெரியாது. கொழுந்து கிள்ளுகிற பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்வார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் அதற்கு ஒரு முறை இருந்தது. மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விட வேண்டும். யாருடைய பெயரோ அவர் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று, மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பனிக்குள் இருப்பதற்கு இரண்டு தடவைதான் கூப்பிட வரும் என்பார்கள். 'இருப்பது' என்றுதான் சொல்வார்கள், அதற்குப் பெயர் கிடையாது. பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

பாடத்தைவிட ஒழுங்காக இதை நாங்கள் படித்திருந்தோம். டீச்சர் ஆஜர் எடுக்கும்போது லயத்துப் பிள்ளைகள் முதல் இரண்டு தடவை வாயைத் திறக்க மாட்டோம். அவர் பிரம்பைக் கையில் எடுத்த பிறகுதான், பள்ளிக்கூடத்துக்குள் பனி வராது என்று ஒத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் மட்டும் கண்டிப்பு கூடுதல். காரணம் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு கார்த்திகை மாதக் காலையில், கொழுந்து கிள்ளப் போனவள் பனியிலிருந்து திரும்பி வரவில்லை. அவளுடைய கூடை பாதிக் கொழுந்தோடு பாதையோரத்தில் சாயாமல் நின்றது. இடுப்பில் கட்டுகிற சாக்கு நாலாக மடித்து அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வரிசையில் நின்ற பெண், அத்தை "இந்தா வாரேன்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறாள். ஆனால் அவளை யாரும் கூப்பிட்டதைக் கேட்கவில்லை. மூன்று நாள் காடெல்லாம் தேடினார்கள். முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லிவிட்டாள், கொண்டுபோய்விட்டது என்று லயம் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது.

நான் பிறந்ததும் அப்பா அத்தையின் பெயரை எனக்கு வைத்தார். "செத்தவ பேரு எதுக்குப் பிள்ளைக்கு?" என்று அம்மா கேட்டாளாம். "செத்தத நீ பாத்தியாக்கும்?" என்றாராம் அப்பா. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை, காய்கறி வேன் ஓட்டுகிறவர் வாயைத் திறக்கும்வரை.

அவர் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளிக்காரர். அத்தை இருந்த காலத்திலிருந்தே வாரம் ஒரு தடவை மலையேறி வந்து விற்றுவிட்டுப் போகிறவர். அன்று நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அப்பாவைத் தள்ளிக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க, சொன்னா வருத்தப்படக் கூடாதுங்க. போன வருசம் கல்பாத்தித் தேருக் கும்பல்ல உங்க தங்கச்சியாட்டவே ஒரு பொம்பளயப் பாத்தனுங்க. கிட்டப் போறதுக்குள்ள ஆளக் காணமுங்க."

எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. அத்தை செத்துப்போனவள். செத்துப்போனவள் பாலக்காட்டில் தேர் பார்க்கிறாள். கிட்டப் போனால் காணாமல் போகிறாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த வருடத் தேருக்கு அப்பா கிளம்பினார்.

"நான் வரல. நீங்களே போயி உங்க பேயக் கூட்டிட்டு வாங்க. அடுப்படியில படுக்க வச்சுக்கலாம்" என்றாள் அம்மா.

என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம் இருந்தது. அப்பாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. எனக்குத் தமிழும், ஒரு வருடப் பழக்கத்தில் மலையாளமும் தெரியும். "பாப்பா போர்டு வாசிச்சுச் சொல்லும்" என்று அவர் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். என் கால் தரையில் பாவவில்லை.

புத்தகங்களை எடுத்துவிட்டு என் பள்ளிக்கூடப் பையில் மாற்றுத் துணி வைத்தோம். மேலே அப்பா ஒரு ஸ்வெட்டரைத் திணித்தார். அரக்குச் சிவப்பு, மணிக்கட்டில் மட்டும் பச்சை நூலால் ஒட்டுத் தையல். அத்தையுடையது. பதினோரு வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

"பாலக்காட்டு வெயிலுக்கு ஸ்வெட்டரு ஒன்னுதான் கொறச்சல்" என்று அம்மா முனகினாள். அப்பா ஜிப்பை இழுத்துப் பார்த்தார். முழுதாக மூடவில்லை. அப்படியே என் முதுகில் மாட்டிவிட்டார்.

விடியற்காலை முதல் பஸ். மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று இறங்க இறங்கச் சூடு ஏறியது. கீழே வந்து நான் பார்த்த முதல் பெரிய ஊர் பாலக்காடு. பை முதுகோடு ஒட்டிக்கொண்டது. யாரோ என் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டு வருவது போலிருந்தது. இறக்கி வைக்கவும் பயம்.

கல்பாத்தியில் எல்லோரும் தமிழ் பேசினார்கள், ஆனால் அது எங்கள் தமிழ் இல்லை. தெரிந்த சொற்களை வேறு யாரோ உடுத்திக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளுக்கு நடுவே தெருவை அடைத்துக்கொண்டு தேர் வந்தது. முன்னால் ஆட்கள் வடம் இழுக்க, பின்னால் ஒரு யானை நெற்றியை வைத்துத் தள்ளியது. தேர் நகர்வதாகத் தெரியவில்லை. வீடுகள்தான் மெல்லப் பின்னால் போவது போலிருந்தது. செண்டை மேளச் சத்தம் காதுக்குள் இல்லாமல் பல்லுக்குள் கேட்டது.

அத்தனை பேரும் தேரைப் பார்த்துக்கொண்டு நிற்க, அப்பாவும் நானும் மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். அப்பா முகங்களைப் பார்த்தார். முப்பது வயதுப் பெண் யார் வந்தாலும் குனிந்து, எட்டி, திரும்பிப் பார்த்தார். ஒரு வீட்டுப் படியில் நின்ற அம்மாள் பொறுக்க முடியாமல், "தேர் அங்கேன்னா வரது! இங்கே என்ன பாக்கறேள்?" என்று அதட்டினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சிரித்துவிட்டு, மறுபடி முகங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

மாலை ஆகிவிட்டது. "இது எந்தத் தெருன்னு வாசி பாப்பா. தவறிட்டா இங்கனயே வந்து நிக்கலாம்" என்றார்.

அவர் அதை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. போர்டு மலையாளத்தில் இருந்தது. தடுக்காமல், ஒரே மூச்சில், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கையை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் போய், எழுத்தெழுத்தாக உதட்டுக்குள் கூட்டி, சத்தமாக வாசித்துவிட்டுத் திரும்பி அப்பாவின் சட்டையைப் பிடித்தேன். சட்டைக்குள் வேறு ஆள் இருந்தார்.

அதற்குள் தேர் தெருமுனையில் திரும்ப, கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. கற்பூரப் புகையும் புழுதியும் சேர்ந்து தெருவில் இறங்கின. முகங்கள் கிட்டே வந்தால் தெரிந்தன, இரண்டடி போனால் அழிந்தன. இதை நான் மலையில் பார்த்திருக்கிறேன். பனி எங்கள் பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு மாமி குனிந்து, "யாராத்துக் குழந்தே நீ? பேர் சொல்லு, மைக்கிலே கூப்பிடச் சொல்றேன்" என்றாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அந்தப் பெயரை மைக்கில் சொன்னால் என்னை மட்டுமா வந்து சேரும்?

அப்புறம் என் பையை யாரோ பிடித்தார்கள்.

இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். கசங்காத காட்டன் சேலை கட்டிய ஒரு பெண். ஜிப் வழியாக வெளியே வந்து தொங்கிய ஸ்வெட்டரின் கை அவள் கையில் இருந்தது. பச்சை நூல் தைத்த இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கையை மடித்து உள்ளே வைத்து, அப்பாவால் மூட முடியாத ஜிப்பை முழுதாக மூடினாள்.

"மோள்டெ நாடு எவிடயா?" என்று கேட்டாள். எந்த ஊர் என்று மலையாளத்தில் கேட்கிறாள் என்று புரிந்தது.

அப்போது அப்பாவின் குரல் வந்தது. செண்டைச் சத்தத்தின் மேல் ஏறி, என் பெயரைக் கூப்பிட்டது.

நான் நின்றேன். தலையைக் குனிந்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். ஆனால் கண்ணை முழுதாக மூடவில்லை. அதனால்தான் பார்த்தேன். எனக்கு எதிரே அவளும் தலையைக் குனிந்திருந்தாள். அவளுடைய கண்கள் மூடியிருந்தன. இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அத்தனை ஆயிரம் பேரில் நாங்கள் இருவர் மட்டும் அசையாமல் நின்றோம்.

இரண்டாவது கூப்பாடு வந்தது. அவளுடைய கை இறுகியது. உதடு லேசாகத் திறந்தது.

மூன்றாவதற்கு நான் காத்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக முறையை மீறி, "அப்பா" என்று அலறிக்கொண்டு கால்களுக்கு நடுவே புகுந்து ஓடினேன். அவர் இருபதடி தள்ளி ஒரு வீட்டுப் படியில் ஏறி நின்றுகொண்டிருந்தார். அவர் வாய் மூன்றாவது கூப்பாட்டுக்குத் திறந்திருந்தது. நான் வேட்டியைப் பிடித்ததும் மூடிக்கொண்டது.

"ரெண்டாவதுக்கே ஓடியாந்துட்டியே பிள்ள" என்றார். திட்டுகிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள், குனிந்த தலையோடு. பிறகு தலை நிமிர்வது போலிருந்தது. யானை குறுக்கே வந்தது. யானை போன பிறகு அந்த இடத்தில் பலூன் விற்கிறவர் நின்றார்.

"யாரையாச்சும் பாத்தியா?" என்று அப்பா கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அந்தப் பக்கம் போவார், போனால் அது அவரையும் கொண்டுபோய்விடும்.

"இல்லப்பா" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் ஒரு கை மட்டும் நாலாக மடிந்திருந்தது. அம்மா மடித்தது என்று நினைத்திருப்பார். அடுத்த மூன்று வருடமும் அவர் தனியாகத் தேருக்குப் போனார், ஸ்வெட்டரோடு போய் ஸ்வெட்டரோடு வந்தார். பிறகு போகவில்லை. நான் ஒவ்வொரு வகுப்பாக ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். ஆனால் அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

காத்மாண்டுவில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே மூன்றாவது கூப்பாட்டுக்காக நின்றபோதுதான் ஒன்று தோன்றியது. பனிக்குள் இருப்பது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தலை குனிந்து, மணிக்கட்டைப் பிடித்து, மூன்றாவதை எதிர்பார்த்து நிற்கிறவர்கள், அதற்குப் பயந்தவர்கள் மட்டும்தான். என்னைப் போலவே கல்பாத்தியில் அவளும் பயந்துபோய்த்தான் நின்றிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவளுக்குத்தான் அந்தப் பயம் வரும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.